தன் கணக்கைத் தானே எழுதும் ஆட்டம்

காரைக்காலில் கோல்ஃப் மைதானம் இல்லை. கடற்கரையில் கால்பந்தும் கிரிக்கெட்டும் ஆடி வளரும் நம் பிள்ளைகள் இந்த ஆட்டத்தைக் கண்ணால் காண வேண்டுமானால் சென்னை நந்தனத்துக்கோ, கொடைக்கானலுக்கோ, உதகைக்கோ செல்ல வேண்டும். ஆயினும் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகள் எனப் பிழைக்கச் சென்ற நம்மூர் இளைஞர் சிலர் அங்கே அதைக் கற்றுக்கொண்டு ஆடி வருகின்றனர். விடுமுறையில் ஊருக்கு வரும்போது அதைப் பற்றியே பேசுகின்றனர். பெரியவர்களோ, "பணக்காரன் பொழுதுபோக்கு நமக்கு எதற்கு?" என்று முகம் சுளிக்கின்றனர்.

முகம் சுளிப்பதற்கு முன் அலி ஷேர் என்ற பெயரை நினைவில் கொள்ளுங்கள். டெல்லி கோல்ஃப் கிளப்பில் பிறருடைய மட்டைப் பையைச் சுமக்கும் கேடியாக இருந்தவர் அவர். 1991-இல் இந்தியன் ஓபன் பட்டத்தை வென்றார். 1993-இல் மீண்டும் வென்றார். அவருக்கு முன் அப்பட்டத்தை வென்ற இந்தியர் ஒருவரே: 1965-இல் வென்ற பி.ஜி. சேத்தி. அவர் தொழில்முறை ஆட்டக்காரர் அல்லர், அமெச்சூர். ஆகவே செல்வம் இருந்தால்தான் இந்த ஆட்டம் வரும் என்பது முழு உண்மையன்று. செலவு அதிகம் என்பது மட்டும் உண்மை. பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை நிலுவையில் வைத்துவிட்டுப் புது மட்டை வாங்குபவரை நான் ஆதரிக்க மாட்டேன்.

எனினும் இந்த ஆட்டத்தில் என் கவனத்தை ஈர்த்தது பணமன்று. 'ஹேண்டிகேப்' என்னும் எண்தான்.

ஒரு மைதானத்தில் 18 குழிகள். தேர்ந்தவர் அவற்றை முடிக்க எடுத்துக்கொள்ள வேண்டிய அடிகள் பெரும்பாலும் 72. இதைப் 'பார்' என்பர். சாதாரண ஆட்டக்காரர் தம் நல்ல நாளில் இதைவிட ஏறத்தாழ எத்தனை அடி கூடுதலாக எடுப்பார் என்பதே ஹேண்டிகேப். 2020-இல் நடைமுறைக்கு வந்த உலகப் பொது முறைப்படி, கடைசி 20 ஆட்டங்களுள் சிறந்த 8-ஐ எடுத்து, மைதானத்தின் கடினத்தையும் கணக்கில் சேர்த்துச் சராசரி காண்கின்றனர். உச்ச வரம்பு 54. இந்த எண்ணால் வலியவரும் எளியவரும் ஒன்றாக ஆட முடிகிறது. ஹேண்டிகேப் 20 உள்ளவர் 95 அடியில் முடித்தால் கழித்தபின் 75. 8 உள்ளவர் 84-இல் முடித்தால் 76. வென்றவர் முதலாமவர்.

இந்தக் கணக்கை எழுதுபவர் பெரும்பாலும் ஆடியவரே. புதருக்குள் பந்தைக் காலால் நகர்த்தினாரா, ஓர் அடியை விட்டுவிட்டு எண்ணினாரா என்பது அவருக்கும் படைத்தவனுக்கும் மட்டுமே தெரியும். ஆகவே இங்கே இரண்டு வகை மோசடி பிறக்கிறது. போட்டியில் பரிசு வெல்வதற்காக, நன்றாக ஆடிய நாளின் அட்டையைப் பதியாமல் மறைத்து எண்ணை உயர்த்தி வைத்துக்கொள்வது ஒன்று. மோசமாக ஆடிய அட்டைகளைக் கிழித்துப் போட்டு, "என் ஹேண்டிகேப் 12" என்று சொல்லிக்கொள்வது மற்றொன்று. புதிய அட்டை பதியப்படாவிட்டால் பழைய நல்ல ஆட்டங்கள் அந்த 20-க்குள் நீண்ட நாள் தங்கிவிடும். அதுவே இதன் சூட்சுமம். முன்னது அளவையில் மோசடி. அதைக் கண்டிக்க முதஃப்பிஃபீன் என்று ஓர் அத்தியாயமே நம் வேதத்தில் உண்டு. பின்னது முகஸ்துதி. என் பார்வையில் பின்னதே அதிகம் பரவியுள்ளது. அதில் ஏமாறுபவர் பெரும்பாலும் அவரேதான்.

1925-இல் அமெரிக்க ஓபன் போட்டியில் பாபி ஜோன்ஸ் என்ற அமெச்சூர் வீரர் அடிக்கத் தயாரானபோது பந்து இலேசாக அசைந்தது. வேறெவரும் அதைப் பார்க்கவில்லை. அவரே தம்மீது ஓர் அடி தண்டம் விதித்துக்கொண்டார். முடிவில் அவர் மற்றொருவரோடு சமநிலையில் நின்று, மறு ஆட்டத்தில் ஒரே ஓர் அடியில் தோற்றார். அந்தத் தண்டம் இல்லையேல் பட்டம் அவருடையது.

மலேசியாவில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர், "ஹஜ்ரத், இரண்டு வருடமாக 24-இலேயே நிற்கிறேன். 18-க்கு இறங்க என்ன வழி?" என்று கேட்டார். கோல்ஃப் மட்டையைத் தொட்டும் பாராதவனிடம் கேட்கும் கேள்வியா இது! ஆயினும் பயிற்சி எப்படி என்று விசாரித்தேன். வாரம் இருமுறை ஒரு கூடை நிறையப் பந்துகள். எல்லாவற்றையும் மிக நீண்ட மட்டையால் முடிந்த மட்டும் தூரத்துக்கு அடிப்பாராம். அதுதான் இன்பமாக இருக்கிறதாம்.

ஹிஃப்ழு வகுப்பில் இதே நோயை அன்றாடம் காண்கிறேன். நன்கு மனனமான ஜுஸ்உவைத் திரும்பத் திரும்ப இனிமையாக ஓதும் பிள்ளை, தடுமாறும் ஜுஸ்உவின் பக்கமே போவதில்லை. ஓதிய நேரம் கூடும். பாடம் நின்ற இடத்திலேயே நிற்கும். தவறிய இடங்களை ஒரு நோட்டில் குறித்து, மறுநாள் அங்கிருந்து தொடங்கச் சொன்னால்தான் பாடம் நகரும். மாணவரிடமும் அதையே சொன்னேன்: ஐந்து ஆட்டங்களுக்கு, ஒவ்வோர் அடியும் எங்கே வீணாயிற்று என்று எழுதுங்கள். அவர் எழுதிப் பார்த்தபோது, குழியருகே உள்ள புல்தரையில் இரண்டு தட்டில் முடிய வேண்டியதற்கு மூன்றும் நான்கும் எடுத்தது தெரிந்தது. பார் 72 என்னும் கணக்கில் 36 அடிகள், அதாவது சரிபாதி, அந்தப் புல்தரைக்கே ஒதுக்கப்பட்டவை.

அமெரிக்காவில் போர்ட்லண்ட் நகரப் புகைப்படக்காரர் டேன் மெக்லாக்லின் 2010-இல் வேலையை விட்டுவிட்டு, 10,000 மணி நேரம் பயின்று தொழில்முறை வீரராவது என்று புறப்பட்டார். குழிக்கு மிக அருகே நின்று, முதல் சில மாதங்கள் பந்தை உருட்டும் மட்டையை மட்டுமே கையில் எடுத்தார். அவரது ஹேண்டிகேப் 2.6 வரை இறங்கியது. முதுகு வலி வந்து, குறித்த மணி நேரத்தை எட்டாமலே நிறுத்த நேர்ந்தது. நாற்பதைத் தாண்டிய நம் சகோதரர்கள் அந்த முதுகையும் கவனத்தில் கொள்ளட்டும்.

இனி, பலர் கேட்கத் தயங்கும் இரண்டு விஷயங்கள். நால்வரும் ஆளுக்கு இவ்வளவு என்று பணம் போட்டு, வென்றவர் அள்ளிக்கொள்வது சூதாட்டம். தொகை சிறிது என்பதாலோ, உடன் ஆடுபவர் மேலதிகாரி என்பதாலோ அது ஆகுமானதாகிவிடாது. "நான் பணம் வைத்து ஆடுவதில்லை" என்று முதல் குழியிலேயே சொல்லிவிடுங்கள். பெரும்பாலோர் மதிக்கவே செய்வர்.

அடுத்தது தொழுகை. 18 குழிகளை முடிக்க நான்கு மணி நேரம் பிடிக்கும். பிற்பகலில் தொடங்கினால் அஸர் நடுவே வரும். கூட்டமாக இருந்தால் மஃக்ரிபும் நெருங்கிவிடும். இயன்றவரை ஃபஜ்ருக்குப் பின் முதல் நேரத்தைக் கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள். அந்நேரத்தில் புல்லில் பனி இருக்கும், பந்து மெதுவாகத்தான் உருளும் என்கிறார் என் மாணவர். சற்று அழுத்தித் தட்ட வேண்டுமாம்.