காட்சிப் பேழையும் கால்விலங்கும்

அருங்காட்சியகத்துப் பொருள்கள் உண்மையானவை. ஆதலால் அவை உரைக்கும் வரலாறும் உண்மையானதே என நாம் நம்பிவருகிறோம். பொருள் மெய்யாக இருக்க, அதனை வைத்த முறை பொய்யாதல் கூடுமோ? கூடும் என்று காட்டியவர் அமெரிக்கக் கலைஞர் பிரெட் வில்சன்.

1954-இல் நியூயார்க்கில் பிறந்த கறுப்பினக் கலைஞர் இவர். பால்டிமோர் நகரில் 1844-இல் நிறுவப்பெற்ற மேரிலாந்து வரலாற்றுக் கழகம், 1992-இல் தன் சேகரிப்பை அவரிடம் திறந்துவிட்டது. 'அருங்காட்சியகத்தை அகழ்தல்' என்பது அவர் அமைத்த காட்சியின் பெயர். அவர் புதுச்சிலை வடித்தாரல்லர். இருப்பறையில் கிடந்தவற்றை வெளிக்கொணர்ந்து இடம் மாற்றி வைத்தார்.

'உலோக வேலைப்பாடு, 1793–1880' என்று ஒரு பேழைக்குப் பெயர். அதனுள்ளே பூவேலை செய்த வெள்ளிக் குவளைகள். அவற்றின் நடுவே அடிமைகளுக்குப் பூட்டிய இரும்பு விலங்கு! மற்றோரிடத்தில், செல்வர் வீட்டு நாற்காலிகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் எதிரே சாட்டையடிக் கம்பம். குழந்தை வண்டி ஒன்றில், மெத்தை விரிப்பு இருக்கவேண்டிய இடத்தில் கூ கிளக்ஸ் கிளான் இனவெறியரின் முகமூடித் துணி. விலங்கும் வெள்ளியும் ஒரே சமுதாயத்தின் உடைமைகள். அவற்றை வெவ்வேறு அறைகளில் பிரித்து வைத்ததே முன்னைய பொய்.

நம் நெஞ்சைப் பெரிதும் தைப்பது பீடங்களின் காட்சியே. ஒருபுறம் நெப்போலியன், ஹென்றி கிளே, ஆண்ட்ரூ ஜாக்சன் ஆகியோரின் மார்பளவுச் சிலைகள்; மூவருள் ஒருவரும் மேரிலாந்தில் பிறந்தவரல்லர். மறுபுறம் மூன்று கரும்பீடங்கள் வெறுமையாய் நிற்கின்றன. அவற்றின்மேல் பெயர்கள் மட்டும்: ஹாரியட் டப்மன், பிரெடரிக் டக்ளஸ், பெஞ்சமின் பேனகர். மூவரும் அம்மண்ணின் மக்கள். முன்னிருவர் அடிமைத்தளை அறுத்தெழுந்தவர். பேனகர் தாமே கற்று வானநூல் வல்லவரானவர். அயலார்க்குச் சிலை இருந்தது, அகத்தார்க்கு இடமில்லை.

கலைஞனுக்கு வரலாற்றில் என்ன வேலை என வினவுவோர் உளர். தன் கருத்தைப் பொருள்களின்மேல் ஏற்றுகிறான் என்றும் குறைகூறுவர். இக்குறை புறந்தள்ளத் தக்கதன்று. ஆயினும் முன்பு அடுக்கியவர் மட்டும் கருத்தின்றியா அடுக்கினார்? வெள்ளியை முன்வைத்து விலங்கை மறைத்ததும் ஒரு கருத்தே. அது தன்னை வெளிப்படுத்திக்கொள்ளவில்லை, அவ்வளவே. வில்சனோ வெளிப்படையாய் நின்று தம் கருத்தை முன்வைத்தார். தமிழ் கற்கும் நமக்கு இது புதிதன்று. மூலத்தில் ஓரெழுத்தும் மாற்றாமல், ஒன்றற்கு மேற்பட்ட உரைகள் எழுந்த நூல்களை நாம் பயில்கிறோம். வில்சனும் ஓர் உரையாசிரியரே. அவருக்கு மூலம் அருங்காட்சியகம்.

1993-இல் அக்காட்சி நிறைவுற்றது. அது எழுப்பிய வினா நிறைவுறவில்லை. இனி எப்பேழைமுன் நிற்பினும், 'இதனருகே இருந்திருக்க வேண்டியது யாது? அதனை அகற்றியவர் யார்?' என்று கேட்போமாக. அவ்வாறு கேட்பதே கற்றார்க்குக் கடன் என்பது நம் துணிபு.