துறவியின் கனியும் வணிகரின் தூளும்

சர்க்கரை வியாதி எட்டிப் பாராத குடும்பத்தைக் காண்பது நம் நாட்டில் நாளுக்கு நாள் அரிதாகி வருகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில், சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையார் நடத்தி 2023-இல் வெளியிட்ட பெரும் ஆய்வு, இந்நோய்க்கு ஆட்பட்ட இந்தியர்களின் தொகையை 10 கோடியே 10 லட்சம் என்று கணித்திருக்கிறது. இத்தனை பேர் இனிப்பை அஞ்சியும் விரும்பியும் வாழ்கிற தேசத்தில், இனிப்பைக் கொடுத்துச் சர்க்கரையைக் கொடுக்காத எந்தப் பண்டமும் பெரும் வரவேற்புப் பெறுவது இயல்பே. அவ்வரிசையில் அண்மையில் வந்து சேர்ந்திருப்பது, சீன தேசத்து மலைக்கனி ஒன்றிலிருந்து பிரித்தெடுத்த வெண்தூள். ஆங்கிலப் பெயரால் ‘மங்க் ஃப்ரூட்’ என்று விற்கப்படும் அதன் உறைமீது அழகிய கனியின் படமும், பௌத்தத் துறவிகளின் கதையும், சீன வைத்தியத்தின் பெருமையும் தவறாமல் அச்சாகியிருக்கின்றன. கனியின் புகழ் நியாயமானது. ஆனால் அப்புகழைத் தூளின் மீது ஏற்றிப் பேசுவது நியாயமன்று என்பதே இக்கட்டுரையின் கட்சி.

முதலில் கனியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சீனாவின் தெற்கிலுள்ள குவாங்சி தன்னாட்சிப் பிரதேசத்தில், கூர்மையான சுண்ணாம்புக் குன்றுகளுக்குப் பிரசித்தி பெற்ற குயிலின் நகரைச் சூழ்ந்த மலைப்பகுதிகளில், மூடுபனியும் ஈரமும் மிகுந்து வெயிலின் உக்கிரம் தணிந்த சரிவுகளில் படர்வது இக்கொடி. அப்பிரதேசத்திலும் யோங்ஃபூ என்னும் வட்டாரம் இதன் தாயகம் என்றே கொண்டாடப்படுகிறது. சீனர் இதனை லுவோ ஹான் குவோ என்பர். ஞானமடைந்த பௌத்தத் துறவிகளின் பெயரால் வழங்கும் கனி அது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் துறவிகளே முதன்முதலாக இதனைப் பயிரிட்டார்கள் என்பது அங்கு வழங்கும் கர்ணபரம்பரைக் கதை. தாவர சாஸ்திரத்தில் இது நம் பாகற்காயும் புடலங்காயும் சேர்ந்த குடும்பத்தையே சார்ந்தது; சாஸ்திரிகள் ஒரு காலத்தில் இதனைப் பாகலின் இனத்திலேயே வைத்திருந்து, பிற்பாடுதான் வேறாகப் பிரித்தார்கள். கசப்புக்கு இலக்கணமாக நாம் சொல்லும் காய்க்கு, இனிப்புக்கு இலக்கணமாகச் சொல்லத்தக்க உறவு ஒன்று வடகிழக்கே இருப்பது வியப்புத்தான்.

இக்கொடியில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. குவாங்சி உழவர் பூப்பருவத்தில் காலை வேளைகளில் தோட்டத்தில் இறங்கி, மெல்லிய மூங்கிற் சிம்பினால் ஆண்பூவின் மகரந்தத்தை எடுத்துப் பெண்பூவின் சூல்முடியில் தடவுகிறார்கள். பூச்சிகளை நம்பினால் காய்ப்புக் குறையுமாதலால், ஒவ்வொரு பூவுக்கும் மனிதக் கை ஒன்று செல்ல வேண்டியிருக்கிறது. காய் பிடித்து முதிர இரண்டு மாதங்களுக்கு மேலாகும். பறித்த கனி பச்சையாக நெடுநாள் தங்காது, விரைவில் புளித்துக் கெடும். ஆகவே சில நாள் கனியவிட்டுப் பிறகு சூளைகளில் மெல்லிய சூட்டில் பல நாள் உலர்த்துவார்கள். பச்சை உருண்டை அப்பொழுது பழுப்பேறி, எளிதில் நொறுங்கும் ஓடுடையதாக, கையில் எடுத்தால் கனமே தெரியாததாக மாறிவிடுகிறது. உலகெங்குமுள்ள சீன மருந்துக் கடைகளில் காண்பது இவ்வடிவத்தையே.

இதனை அந்நாட்டார் எதற்கு உபயோகித்தார்கள் என்பதைக் கவனிப்பது அவசியம்; பிற்காலத்துக் குழப்பங்களுக்கெல்லாம் வேர் அங்கேதான் இருக்கிறது. இன்றைய சீன அரசின் மருந்து நூல் இக்கனியை இனிப்புச் சுவையும் குளிர்ச்சிக் குணமும் உடையதென்றும், நுரையீரலையும் பெருங்குடலையும் சார்ந்து வேலை செய்வதென்றும் வகுத்து, வறட்டு இருமல், தொண்டைவலி, குரல் கம்மல், மலச்சிக்கல் ஆகியவற்றுக்கு 9 முதல் 15 கிராம் வரை கஷாயமாக்கிக் கொடுக்கலாம் என்கிறது. உலர்ந்த கனியை ஓடும் சதையும் விதையுமாக உடைத்துப் போட்டுக் கொதிக்கவைத்துப் பருகுவதே மரபு. குவாங்டாங், ஹாங்காங் முதலிய உஷ்ணமான பிரதேசங்களில் தெருவுக்குத் தெரு உள்ள மூலிகைப் பானக் கடைகளிலும், சிங்கப்பூர், மலேசியா நாடுகளில் நம்மவர் சீனரோடு அண்டை வீட்டாராக வாழும் நகரங்களிலும், இக்கனி சேர்ந்த கருநிறப் பானம் தாகத்துக்கும் தொண்டைக்கும் ஏற்றதாக இன்றும் விலையாகிறது. இவற்றில் எங்கும் இது சர்க்கரை வியாதிக்கு முதன்மையான ஔஷதமாகப் பேசப்படவில்லை என்பதை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

தொண்டைக்கு இதமளிக்கும் என்ற பழைய அனுபவத்தை ஏளனம் செய்ய எனக்கு விருப்பமில்லை. நம் சித்த வைத்தியத்தில் அதிமதுரம் வகிக்கும் ஸ்தானத்தைச் சீனத்துக் கனி அங்கே வகிக்கிறது. இரண்டும் சர்க்கரையல்லாத பொருளால் சர்க்கரையினும் பன்மடங்கு இனிப்பவை. இரண்டின் இனிப்புப் பொருளும் இரசாயன அமைப்பில் ஒரே பெரும் வகையைச் சேர்ந்தவை. இரண்டையும் இரு தேசத்து மக்கள் ஒருவரையொருவர் கேளாமலே இருமலுக்கும் குரலுக்கும் கொண்டார்கள். ஆயினும் அதிமதுரம் ஓர் எச்சரிக்கையையும் கற்பிக்கிறது. மருந்தளவில் நன்மை செய்யும் அவ்வேரை நாள்தோறும் மிகுதியாக உட்கொண்டால், உடலின் பொட்டாசியம் குறைந்து இரத்த அழுத்தம் ஏறும் என்பது வைத்தியர்கள் நன்கறிந்த உண்மை. அந்தத் தீங்கு சீனக் கனிக்கும் உண்டென்று நான் கூறவில்லை. இயற்கையில் விளைந்தது என்பதாலேயே ஒரு பொருள் எவ்வளவும் எந்நாளும் உண்ணத்தக்கதாகிவிடாது என்பதையே கூறுகிறேன்.

கனி எவ்வாறு தூளாயிற்று என்ற வரலாறு சுவையானது. கான்டன் நகரத்து லிங்நான் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அமெரிக்கரான கிராஃப் என்பவர், சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் இக்கொடியின் விளைநிலங்களைப் பற்றி ஆராய்ந்தார். 1941-இல் ஸ்விங்கிள் என்னும் தாவர சாஸ்திரி, அமெரிக்க தேசிய பூகோளச் சங்கத்தின் தலைவரான கிராஸ்வெனரின் பெயரை இதற்குச் சூட்டினார். 1975-இல் இதன் இனிப்பு சர்க்கரையினால் வருவதன்று என்பதைக் காட்டும் ஆராய்ச்சி வெளியாயிற்று. 1983-இல் ஜப்பானிய இரசாயனிகள் அவ்வினிப்புப் பொருள்களின் அமைப்பைத் தெளிவாக்கினார்கள். மோக்ரோசைடு என்று பெயர்பெற்ற அவற்றுள் தலையாயது, கரும்புச் சர்க்கரையைப் போல் ஏறத்தாழ 250 மடங்கு இனிப்பது. பிஞ்சில் அப்பொருளோடு ஒட்டியிருக்கும் குளுக்கோஸ் மூலக்கூறுகள் சிலவே. அந்நிலையில் அது கசக்கிறது. காய் முதிர முதிர ஒவ்வொன்றாக வந்து சேர்ந்து ஐந்தாகும்போது கசப்பு நீங்கிப் பேரினிப்பாகிறது. 1995-இல் அமெரிக்கப் பெருநிறுவனம் ஒன்று கனிச்சாற்றின் வேண்டாத வாடையையும் சுவையையும் நீக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றது. 2010-இல் நியூசிலாந்து நிறுவனம் ஒன்று தன் சாரம் ஆபத்தற்றது என்று அறிவித்ததற்கு, மேற்கொண்டு கேள்வியில்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் விடையளித்தது. விளம்பரக்காரர்கள் ‘அமெரிக்க அரசு அங்கீகரித்தது’ என்று முழங்குவது இவ்வடக்கமான விடையைத்தான்.

இனி, கனிக்கும் தூளுக்கும் உள்ள தூரத்தை அளந்து பார்ப்போம். உலர்ந்த கனியில் மோக்ரோசைடு ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே. சாதாரணச் சர்க்கரை வகைகளோ கால் பங்குக்குக் குறையாமல் இருக்கின்றன. அதாவது, சர்க்கரையற்ற இனிப்பைத் தரும் கனி என்று நாம் கேள்விப்படும் கனியிலேயே சர்க்கரை இருக்கிறது. தொழிற்சாலையில் அச்சர்க்கரையையும், நாரையும், விதையின் எண்ணெயையும், மரபு வைத்தியர் நம்பிய பிற பொருள்கள் யாவற்றையும் விலக்கி, நாக்குக்கு வேண்டிய ஒன்றை மாத்திரம் எடுத்துக்கொள்கிறார்கள். அதுவும் அளவு கடந்த இனிப்புடையதாகையால் தனியே கரண்டியில் அள்ளிப் போட இயலாது. ஆகவே எரித்ரிட்டால் போன்ற வேறொரு மலிவான பொருளோடு அதைக் கலந்து, சர்க்கரையைப் போன்ற தோற்றமும் பரிமாணமும் உண்டாக்குகிறார்கள். அத்தகைய உறைகள் பலவற்றின் பின்புறத்தைச் சிரத்தையுடன் படிப்பவர், முதலில் நிற்பது எரித்ரிட்டால் என்பதையும், கனியின் சாரம் மிகச் சிறிய பங்கே என்பதையும் காண்பார். எரித்ரிட்டால் இரத்தத்தில் மிகுந்திருந்தவர்களிடையே மாரடைப்பும் பக்கவாதமும் அதிகமாகக் காணப்பட்டதாக 2023-இல் அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்ட செய்தி, காரணம் அதுவே என்று நிரூபித்துவிடவில்லை; ஆனாலும் கனியின் படத்தை நம்பி வாங்குவோர் தாம் உண்மையில் உண்பது எதை என்று அறிந்துகொள்ளும் உரிமை பெற்றவர்கள்.

‘சர்க்கரை இல்லை, கலோரி இல்லை, அதுவே போதாதோ?’ என்று கேட்பவருக்கு, 2017-இல் சிங்கப்பூரில் நடந்து வெளியான ஒரு பரிசோதனை விடை கூறும். தேகாரோக்கியமுள்ள 30 ஆடவர்கள் வெவ்வேறு நாள்களில் நான்கு பானங்களைப் பருகினார்கள்; ஒன்று சர்க்கரை கலந்தது, மற்ற மூன்றும் இக்கனியின் சாரம், ஸ்டீவியா, அஸ்பார்ட்டேம் ஆகியவற்றால் இனிப்பூட்டியவை. ஒரு மணி நேரம் கழித்து வேண்டிய அளவு பகலுணவு கொடுக்கப்பட்டது. சர்க்கரைப் பானம் குடித்த நாளைவிட மற்ற நாள்களில் அவர்கள் மிகுதியாக உண்டார்கள். நாள் முழுவதையும் கூட்டிப் பார்த்தபோது கலோரிக் கணக்கில் நான்குக்கும் வேற்றுமை தோன்றவில்லை. மூன்று மணி நேரத்து இரத்தச் சர்க்கரையின் மொத்தமும் அவ்வாறே சமமாயிற்று. பானத்தில் மிச்சம் பிடித்ததை இலையில் செலவழித்துவிட்டது உடல். ஒரு சிறு பரிசோதனையைக் கொண்டு உலகத்துக்கெல்லாம் தீர்ப்பெழுதலாகாது என்பது மெய்யே. ஆயினும், செயற்கையானாலும் இயற்கையானாலும் சர்க்கரையல்லாத இனிப்புகளை உடல் எடைக் கட்டுப்பாட்டுக்கு நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதத்தில் கூறிய ஆலோசனையும் அதே திசையில்தான் செல்கிறது.

இந்த ஆலோசனை ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களைக் குறித்ததன்று என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நாளைக்கு நான்கு முறை காப்பியும் தேநீரும் இரண்டிரண்டு கரண்டிச் சர்க்கரையோடு பருகிப் பழகிய நோயாளி ஒருவர், அச்சர்க்கரையைக் கைவிடுவதற்கு ஊன்றுகோலாகச் சில காலம் இத்தூளைக் கொள்வாரானால், வைத்தியரைக் கலந்து அவ்வாறு செய்வது புத்திசாலித்தனமே. மோக்ரோசைடு மேற்குடலில் பெரும்பாலும் உறிஞ்சப்படுவதில்லையாதலால் அது இரத்தச் சர்க்கரையை உடனே ஏற்றுவதில்லை. அத்தூளின் மெய்யான நன்மை இவ்வளவே. இதற்கு மேற்பட்டு, புற்றுநோயைத் தடுக்கும், கல்லீரலைக் காக்கும், கணையத்தைப் புதுப்பிக்கும் என்றெல்லாம் சொல்லப்படுவன எலிகளிடத்தும் சோதனைக் குழாய்களிலும் கண்டவற்றை மனிதருக்கு ஏற்றிச் சொல்பவை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2019-இல் இச்சாரத்தைப் பரிசீலித்து, இதன் பாதுகாப்பை முடிவுசெய்யக் கிடைத்த ஆதாரங்கள் போதா என்று உரைத்தது. தீங்கென்று சொல்லாமலும் நன்றென்று சொல்லாமலும் நின்ற அந்த நிதானம், விளம்பரம் எழுதுவோரிடம் இல்லை.

எனவே இரண்டு காரியங்கள் நடைபெற வேண்டும் என்பது என் அபிப்பிராயம். முதலாவது, எந்த உறையின் முகப்பில் கனியின் படம் இருக்கிறதோ, அதே முகப்பில், அதே அளவு எழுத்தில், உள்ளே கனியின் சாரம் நூற்றுக்கு எவ்வளவு, கலந்த பிற பொருள் எது என்று தமிழிலும் அச்சிட வேண்டுமென அரசு விதிக்க வேண்டும். பெயரைக் கனியிடமிருந்து கடன் வாங்கும் வியாபாரி இந்தக் கணக்கைக் காட்டக் கடமைப்பட்டவர். இரண்டாவது, நாம் செய்ய வேண்டுவது. சர்க்கரை உள்ளிட்ட தனி இனிப்புகளை நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் அடக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் அடக்கினால் இன்னும் நலம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வகுத்தது. அந்த 5 சதவீதத்தைச் சுமார் 25 கிராம், அதாவது ஆறு சிறுகரண்டி, என்று கொள்ளலாம். அந்த எல்லைக்குள் வருவதற்கு வழி, இனிப்பின் அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்து நாக்கைப் பழக்குவதே. 250 மடங்கு இனிப்பதைக் கொண்டு அந்த நாக்கை மேன்மேலும் பழக்குவோமானால், சர்க்கரையை விட்டவராவோமே தவிர, சர்க்கரை மீதுள்ள மோகத்தை விட்டவராக மாட்டோம். சீனத்து உழவர் ஒவ்வொரு பூவாகத் தொட்டு விளைவித்த கனியை, தொண்டை கட்டிய நாளில் கஷாயமாக்கிப் பருகுபவர் அதன் மரபை மதித்தவராவார். அதன் பெயரைச் சொல்லி நாளொன்றுக்கு ஆறு முறை இனிப்புத் தேநீர் அருந்துபவர், கனிக்கும் மரியாதை செய்யவில்லை, தம் தேகத்துக்கும் செய்யவில்லை.