கட்டிலில் தொங்கும் அட்டை

சென்ற மாதம் ஒரு மருத்துவமனைக்குப் போயிருந்தேன், தோழர்களே! எந்த ஊர் என்று கேட்காதீர்கள். ஊர்ப் பெயரைச் சொன்னால், அந்த ஊர் ஒன்றுதான் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது என்றெண்ணி மற்ற ஊர்கள் மகிழ்ந்துவிடும். எங்கள் நாடகக் குழுவில் திரை இழுக்கும் நண்பர் குடலிறக்கத்திற்கு அறுவை செய்துகொண்டு அங்கே படுத்திருந்தார். நலம் விசாரிக்கப் போனேன். நண்பர் நலமே. என் நெஞ்சைக் கலக்கியது அவருக்கு அடுத்த கட்டில்.

அந்தக் கட்டிலின் கால்மாட்டில் ஓர் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. சிவப்பு மையில், கொட்டை எழுத்தில், எச்.ஐ.வி. என்று எழுதியிருந்தது. தேநீர் கொண்டுவந்த சிறுவன் அதைப் படித்தான். பழம் வாங்கி வந்த பார்வையாளர் படித்தார். எதிர்க் கட்டில்காரரின் மாமியார், என்ன எழுதியிருக்கிறது என்று அடுத்தவரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, பேரக் குழந்தையை மடிக்குள் இழுத்துக்கொண்டார். கட்டிலில் கிடந்த மனிதரோ முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியவர் திருப்பியபடியே கிடந்தார். கொலை செய்தவனுக்குக்கூட, 'இவன் கொலைகாரன்' என்று கழுத்தில் எழுதித் தொங்கவிடும் வழக்கம் நம் நாட்டில் இல்லை. நோயாளிக்கு இருக்கிறது!

சிறிது நேரத்தில் துப்புரவுப் பணி செய்யும் அம்மையார் ஒருவர் வந்தார். கட்டிலுக்குக் கட்டில் குனிந்து குப்பை அள்ளினார். இரத்தம் தோய்ந்த பஞ்சு, கட்டுத்துணி, அவற்றினூடே மூடியில்லாத ஊசி ஒன்று. அத்தனையையும் அள்ளியது வெறுங்கை!

"கையுறை போட்டுக்கொள்ளக் கூடாதா அம்மா?" என்றேன்.

"குடுத்தாத்தானே ஐயா போடுறதுக்கு?" என்று சிரித்தார். பிறகு அந்த அட்டையை முகவாயால் சுட்டிக் காட்டி, "அதான் எழுதி மாட்டியிருக்காங்களே. அந்தக் கட்டில்கிட்ட மட்டும் பாத்து நடந்துக்குவோம்" என்றார்.

இந்த வசனத்தை நான் நாடகத்தில் எழுதியிருந்தால், மிகைப்படுத்துகிறான் என்று விமர்சகர்கள் என்னை வறுத்தெடுத்திருப்பார்கள். ஆனால் வாழ்க்கை எழுதிய வசனம் அது. கையுறைக்குப் பணம் வேண்டும்; அட்டைக்கு ஒரு சொட்டுச் சிவப்பு மை போதும். ஆகவே கையுறைக்குப் பதில் அட்டை! ஊழியரின் உயிரைக் காப்பதாகச் சொல்லி நோயாளியின் மானத்தை விற்கிறார்கள்; விற்ற பணத்தில் ஊழியருக்கு வாங்கிக் கொடுத்தது ஒன்றுமில்லை. இரண்டு ஏழைகளின் மடியிலிருந்தும் எடுத்து, இருவரையும் ஒருவர்மீது ஒருவர் ஐயம் கொள்ளச் செய்திருக்கும் இந்த வணிகத்திற்குத்தான், 'முன்னெச்சரிக்கை' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

அட்டை ஊழியரைக் காக்கிறதா? காக்குமானால், வேதனையோடாயினும் பொறுத்துக்கொள்ளலாம். கல்லூரியைப் பாதியில் விட்டு வெளியேறியவன் நான்; மருத்துவம் கற்றவனல்லன். ஆனால் மருத்துவம் கற்றவர்கள் பல்லாண்டுகளாகச் சொல்லிவரும் உண்மையைத் திருப்பிச் சொல்லப் பட்டம் தேவையில்லை. கிருமி உடலில் புகுந்த முதற் சில வாரங்களில் சோதனை அதைக் காட்டாமலே போகலாம். அட்டை இல்லாத கட்டிலில் கிடப்பவர் அந்த வாரங்களில் இருப்பவராக இருந்தால்? சோதனையே செய்யப்படாதவராக இருந்தால்? 'அந்தக் கட்டில்கிட்ட மட்டும்' என்ற நம்பிக்கையோடு இந்தக் கட்டிலின் ஊசியை அள்ளும் அம்மையாரை எந்த அட்டை காப்பாற்றும்?

இன்னொன்று கேளுங்கள். எச்.ஐ.வி. கிருமியுள்ள இரத்தம் தோய்ந்த ஊசி ஒருவரைக் குத்தினால், அது தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் ஏறத்தாழ மூன்று. 'ஹெபடைட்டிஸ் பி' எனும் கல்லீரல் நோயோ, தடுப்பூசி போட்டுக்கொள்ளாதவரை, நூற்றுக்கு ஆறு முதல் முப்பது வரை பற்றிக்கொள்ளும். ஆயிரத்தில் மூன்றுக்கு அட்டை! நூற்றில் முப்பதுக்கு அட்டை உண்டா? இல்லை. ஏனென்றால் அட்டை எழுதிய கை, ஆபத்தை அளந்து எழுதவில்லை; அருவருப்பை அளந்து எழுதியது.

இதற்கு மாற்று என்ன என்பது நேற்றுக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. எவருடைய இரத்தமாயினும் கிருமியுள்ளதாகவே கருதி, எல்லாக் கட்டிலுக்கும் ஒரே காப்போடு பணி செய்யுங்கள் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1987ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தது. எல்லோருக்கும் கையுறை, ஊசியைப் போடக் குத்துப்படாத கலம், குத்திவிட்டால் 72 மணி நேரத்திற்குள் தடுப்பு மருந்து தொடங்கி 28 நாட்கள். இந்த முறையின் அழகு எது தெரியுமா? யாருக்கு என்ன நோய் என்று துப்புரவு செய்பவர் அறியவேண்டிய தேவையே அதில் இல்லை! ஊழியரைக் காக்கும் அந்தக் கையுறையே நோயாளியின் இரகசியத்தையும் காக்கிறது. பாதுகாப்பும் அந்தரங்கமும் பகையாளிகள் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். இரண்டும் ஒரே பெட்டியில் வருகின்றன. பெட்டியை வாங்காதவர்கள்தாம் இரண்டையும் மோத விடுகிறார்கள்.

இந்தக் குறை இன்று பிறந்ததுமன்று. இந்தியாவில் இந்தக் கிருமி முதன்முதல் கண்டறியப்பட்டது நம் சென்னையில்தான், 1986இல். பேராசிரியை சுனிதி சாலமன் வழிகாட்ட, நிர்மலா என்ற மருத்துவ மாணவி, பாலியல் தொழிலில் சிக்கிய பெண்களைத் தேடிச் சென்று இரத்தம் எடுத்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதனை நடந்தது. இரத்தம் எடுத்த அவர் கையில் கையுறை இல்லை. இரத்தம் கொடுத்த பெண்களுக்கு எதற்காக எடுக்கப்படுகிறது என்று சொல்லப்படவும் இல்லை. அந்த இரு பெண்மணிகளின் துணிவைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. நாடு அவர்களுக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறது. ஆனால் கதை தொடங்கிய அன்றே, பணி செய்தவருக்குக் காப்பில்லை, படுத்தவருக்கு இரகசியமில்லை என்று இரு குறைகளும் இரட்டைப் பிள்ளைகளாகப் பிறந்துவிட்டன. அடுத்து நடந்ததோ கொடுமை. கிருமி கண்டறியப்பட்ட பெண்கள், தண்டனைக் காலம் தீர்ந்த பின்னும் காப்பகத்தில் அடைத்து வைக்கப்பட்டனர். 1990இல் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்ட பிறகே கதவு திறந்தது.

கோவாவில் டொமினிக் டிசோசா என்ற இளைஞர் இருந்தார். பிறருக்கு உதவ இரத்தம் கொடுத்து வந்தவர். கொடுத்த இரத்தத்தில் கிருமி இருந்தது. மருத்துவர் வந்து சொல்லவேண்டிய செய்தியைச் சொல்ல 1989இல் போலீசு வந்தது! காசநோய் விடுதியாக இருந்த ஒரு கட்டடத்தில் 64 நாட்கள் அடைத்துவைத்தார்கள். 'தனிமைப்படுத்தச் சட்டம் இடம் கொடுக்கிறது' என்றார்கள். ஆம், கொடுத்தது, 1987இல் அப்படித் திருத்தி வைத்திருந்தார்கள்.

1998இல் உச்சநீதிமன்றத்தின் முன் ஒரு வழக்கு வந்தது. இரத்தம் கொடுத்தவருடைய நோயை மருத்துவமனை வெளியிட, அவருடைய திருமணம் நின்றது. நோயாளியின் இரகசியம் முழுமையான உரிமையன்று என்றது நீதிமன்றம். அவருடைய திருமண உரிமையையே நிறுத்திவைக்கும் சொற்களையும் சேர்த்துச் சொன்னது. அந்தச் சொற்கள் தேவையற்றவை என்று அதே நீதிமன்றம் சொல்ல 2002ஆம் ஆண்டு ஆயிற்று.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு சட்டம் வந்தது. எச்.ஐ.வி., எய்ட்சு தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம், 2017. குடியரசுத் தலைவர் 2017 ஏப்ரலில் ஒப்பமிட்டார். நடைமுறைக்கு வந்தது 2018 செப்டம்பர் 10இல். பதினாறு மாதங்களுக்குமேல் உறங்கி எழுந்தது. எழுந்த சட்டம் நல்ல சட்டமே, மறுக்கவில்லை. ஒப்புதலின்றிச் சோதனை கூடாது, ஒப்புதலின்றி வெளியிடக் கூடாது என்கிறது. சிகிச்சைக்குத் தேவையானால் ஒரு மருத்துவர் மற்றொரு மருத்துவருக்குச் சொல்லலாம் என்று வழியும் விடுகிறது. அதாவது, 'யாருக்குமே தெரியாவிட்டால் வைத்தியம் எப்படி?' என்று கேட்போருக்கு விடை அங்கேயே இருக்கிறது. வைத்தியம் செய்பவர் அறியலாம். தேநீர்ச் சிறுவன் அறியவேண்டியதில்லை. அதே சட்டத்தின் 19ஆம் பிரிவு, ஊழியர்களுக்குப் பொதுக் காப்பு முறைகளும் பயிற்சியும் ஊசி குத்தினால் தடுப்பு மருந்தும் நிறுவனமே தரவேண்டும் என்கிறது. நோயாளியின் இரகசியமும் தொழிலாளியின் பாதுகாப்பும் ஒரே சட்டத்தில்! நான் சொல்லும் ஒரே பெட்டி அதுதான்.

பெட்டியைத் திறந்து பார்ப்போமா?

19ஆம் பிரிவுக்கு அடுத்த பிரிவில் ஓர் எண் ஒளிந்திருக்கிறது. இந்த அத்தியாயம் நூறு பேருக்குக் குறையாத நிறுவனங்களுக்கே பொருந்தும். மருத்துவ நிறுவனமானால் இருபது பேர் போதும். கேளுங்கள் தோழர்களே! உங்கள் தெருமுனை மருத்துவமனையை எண்ணிப் பாருங்கள். ஒரு டாக்டர், இரண்டு மூன்று நர்சுகள், மருந்து கொடுப்பவர் ஒருவர், பெருக்கும் ஆயா ஒருவர். இருபது வருமா? அங்கே ஊசி போடுவதில்லையா? அந்த ஊசிக்கு முனை மழுங்கிவிட்டதா? இருபதாம் ஆளின் விரலில் குத்தினால் சட்டம் துடிக்குமாம். ஐந்தே பேர் உள்ள இடத்தில் ஆயாவின் விரலில் குத்தினால் சட்டம் தலையை எண்ணிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்ளுமாம்!

இன்னும் ஒரு சொல். நோயாளிகளுக்கு மருந்து வழங்கும் கடமையை 14ஆம் பிரிவு அரசுக்கு விதிக்கிறது, 'இயன்றவரை' என்ற சொல்லோடு. வரி கட்டும்போது 'இயன்றவரை' கட்டுகிறேன் என்று நீங்கள் சொல்லிப் பாருங்கள், என்ன நடக்கும் என்று!

சட்டம் நடைமுறைக்கு வந்த மூன்றே மாதத்தில், 2018 டிசம்பரில், சாத்தூர் அரசு மருத்துவமனையில் கருவுற்றிருந்த ஒரு பெண்ணுக்குக் கிருமியுள்ள இரத்தம் ஏற்றப்பட்ட செய்தி நாட்டையே உலுக்கியது. நினைவிருக்கிறதா? அந்த இரத்தத்தைக் கொடுத்த இளைஞர் கயவர் அல்லர். 2016இல் அவர் கொடுத்த இரத்தத்திலேயே கிருமி தெரிந்திருந்தும், அதை அவரிடம் எவரும் சொல்லவில்லை. வெளிநாட்டு வேலைக்காகச் செய்த சோதனையில் தாமே அறிந்து, தாமே ஓடிவந்து, என் இரத்தத்தை எவருக்கும் ஏற்றாதீர்கள் என்று சொன்ன நேர்மையாளர் அவர். அதற்குள் ஏற்றிவிட்டார்கள். செய்தி பரவியது. அந்த மாதம் முடிவதற்குள் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். ஊரெல்லாம் படிக்க அட்டை எழுதத் தெரிந்த அமைப்புக்கு, உரியவனைத் தனியே அழைத்து உண்மையைச் சொல்லத் தெரியவில்லை!

மருத்துவமனையில் கைகலப்பு நடந்தால் தடுக்கத் தமிழ்நாடு 2008லேயே தனிச் சட்டம் செய்தது, நன்று. மருத்துவரின்மேல் ஓங்கும் தடி எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. ஆயாவின் விரலில் குத்தும் ஊசி எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. ஊசிகளைக் குத்துப்படாத வெள்ளைக் கலத்தில் போடவேண்டும், குப்பை கையாளும் ஊழியருக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போடவேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள் சொல்கின்றன. நான் கண்ட அம்மையாரிடம் தடுப்பூசி போட்டார்களா என்று கேட்டேன். "எங்களுக்கா?" என்று திருப்பிக் கேட்டார். அவர் ஒப்பந்தக்காரரின் ஆளாம். மருத்துவமனையின் ஆள் இல்லையாம். ஊசிக்கு அந்த வேறுபாடு தெரியுமா?

நண்பரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, அந்த அட்டையைத் திருப்பி, எழுத்து உட்புறம் போகும்படி மாட்டினேன். பணியிலிருந்த நர்சு தங்கை கண்டும் காணாதவர்போல இருந்தார். அவர் கையிலும் கையுறை இல்லை. மறுநாள் நண்பர் தொலைபேசியில் சொன்னார், அட்டை மறுபடியும் முன்புறம் திரும்பிவிட்டதென்று.

மாநிலத்துக்கு மாநிலம் குறைதீர்ப்பாளர் ஒருவரை அமர்த்தவேண்டும் என்று அதே 2017ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. முறையீடு வந்தால் 30 நாட்களுக்குள் அவர் ஆணையிடவேண்டும். அந்த ஆணையையும் ஒரு மருத்துவமனை மதிக்காவிட்டால் என்ன தண்டம் தெரியுமா? அதிக அளவு 10,000 ரூபாய். பிறகும் மதிக்காவிட்டால் நாளொன்றுக்கு 5,000 வரை. பெரிய மருத்துவமனைகள் நோயாளியின் அறை வாடகையாகவே ஒரு நாளில் அதற்குமேல் வாங்கிவிடுகின்றன. உங்கள் தொகுதி மக்களவை உறுப்பினர் ஊர்ப்பக்கம் வருவார் அல்லவா? மாலை போடுமுன் இந்த மூன்றையும் கேளுங்கள்: இருபது என்ற எண் எதற்கு, 'இயன்றவரை' என்ற சொல் எதற்கு, பத்தாயிரம் என்ற தொகை எதற்கு? விடை சொன்ன பிறகு மாலை போடலாம்.