வெள்ளை அட்டை மட்டும்தானா?



பொங்கல் வாழ்த்து அட்டைப் போட்டி வரப்போகுது. "வெள்ளை அட்டையில் மட்டுமே வரைய வேண்டும்" என்பது வழக்கமான விதி. இந்த விதி மாற வேண்டும் என்பது என் கருத்து.

போன வருஷம் என் தோழி ஒருத்தி நீல சார்ட்டில் அட்டை செஞ்சா. சுதந்திர தினத் தோரணம் வெட்டியது போக மிஞ்சின துண்டு அது. திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிற அவ அப்பா பொங்கலுக்குத்தான் ஊருக்கு வருவார். அவருக்குக் கொடுக்கத்தான் அந்த அட்டை. மஞ்சள் கலர் பென்சிலால் சூரியனைத் தீட்டினா. சூரியன் பச்சையாப் போச்சு! "பாசி புடிச்ச சூரியன்"னு எல்லாரும் சிரிச்சோம். நானும்தான் சிரிச்சேன். அவ அட்டையைக் கிழிச்சுட்டா.

"கலர் அட்டையில் கலர் எடுக்காது, அதனாலதான் அந்த விதி" என்கிறார்கள். பாதி உண்மை. கலர் பென்சிலும் ஸ்கெட்ச் பேனாவும் அடியில் இருக்கிற நிறத்தை முழுசா மறைக்காது. அடியில் நீலம், மேலே மஞ்சள் என்றால் பச்சையாத்தான் தெரியும். அதுக்கு அட்டையை ஒதுக்கணுமா? முதலில் படத்தை வெள்ளை போஸ்டர் கலரால் நிரப்புங்க. தண்ணி கம்மியா இருக்கட்டும். நல்லாக் காய்ந்த பிறகு கலர் பென்சிலால் தீட்டுங்க. மஞ்சள் மஞ்சளாகவே நிற்கும். காயும் முன்னே தொட்டா வெள்ளை பெயர்ந்துடும். வெள்ளை மெழுகு கிரேயான் பூசி அதுமேல ஸ்கெட்ச் பேனா போட்டா ஒட்டாது. ரெண்டு அட்டையை வீணாக்கித்தான் இதைக் கத்துக்கிட்டேன்!

இன்னொன்று. எல்லா வெள்ளையையும் நிரப்பணும்னு அவசியமில்லை. நம்ம நாகல் நகரில் சுங்குடிப் புடவை தெரியாத வீடு உண்டா? பக்கத்துச் சின்னாளபட்டி அதுக்குப் பேர்போன ஊர். துணியை நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் நனைப்பாங்க. முடிச்சுக்குள்ளே சாயம் ஏறாம வெள்ளைப் புள்ளியா நிற்கும். சிவப்புப் புடவைக்கு அந்தப் புள்ளிதானே அழகு! சாணி மெழுகின வாசலில் போடுற கோலமும் அப்படித்தான். பானையைத் தீட்டுங்க, பொங்கி வழியும் பாலை வெள்ளையாவே விடுங்க. நீல அட்டையில் அது பளிச்சுனு தெரியும். வெள்ளை அட்டையில் தெரியுமா?

கையால் நிறம் தீட்டுவது வாழ்த்து அட்டைக்குப் புதுசும் இல்லை. 1843-ல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர் வெளியிட்ட கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையிலும், கோட்டுப் படத்தை அச்சடித்து அதுக்குக் கையால்தான் வண்ணம் தீட்டினாங்க.

ஆகவே ஆசிரியர்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். "எந்த நிற அட்டையிலும் வரையலாம்" என்று விதியை மாத்துங்க. அலமாரியில் கிடக்கிற சார்ட் துண்டுகளை, அட்டை வாங்க முடியாதவங்களுக்குக் கொடுங்க. கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம்கூடப் போதும்.

தோழர்களே, இனி யாரோட சூரியனாவது பச்சையானா சிரிக்காதீங்க. வெள்ளை போஸ்டர் கலர் பாட்டிலை அவங்க பக்கம் நகர்த்துங்க. என் தோழிக்கு இந்த வருஷம் நான் கொடுக்கப் போறது அதுதான்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி