நீங்கள் எந்த மஹல்லா?



தூத்துக்குடியில் நாங்கள் குடியேறி 11 ஆண்டுகள் நிறைவடைகின்றன. 'நாங்கள்' என்பது ஒரு குடும்பமன்று. துறைமுக வேலை, லாரி செட்டு, ஜவுளிக்கடை, பிள்ளைகளின் படிப்பு எனப் பல காரணங்களால் தென்காசிப் பக்கத்திலிருந்தும் நெல்லைச் சீமையின் சிற்றூர்களிலிருந்தும் வந்து, அடுத்தடுத்த தெருக்களில் வாழும் ஏழு குடும்பங்கள். இரண்டு வீட்டார் சொந்த மனையும் வாங்கிவிட்டனர். குடும்ப அட்டை சில மாதங்களில் இவ்வூர் முகவரிக்கு மாறியது. வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறியது. ஐவேளையும் நாங்கள் தொழுகின்ற பள்ளியின் ஜமாஅத் பதிவேட்டில் மட்டும் இன்றுவரை எங்கள் பெயர் ஏறவில்லை.

பள்ளியின் பெயரை எழுதப்போவதில்லை. இது ஒரு பள்ளியோடு நிற்கும் குறையாயிருந்தால் நிர்வாகிகளை நேரில் கண்டு பேசியிருப்போம்; பேசியும் பார்த்தோம். வெளியூரில் வீடு மாறிய எவரைக் கேட்டாலும் இதே கதையை வேறு ஊர்ப் பெயரோடு சொல்கிறார்.

பதிவேட்டில் பெயர் இல்லாவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று சிலர் கேட்கலாம். தொழ யாரும் தடுப்பதில்லை. ஸஃப்பில் தோளோடு தோள் நிற்கிறோம். நோன்புக் கஞ்சியும் கிடைக்கிறது. ஆனால் தலைக்கட்டாக எழுதப்படாதவனின் மகளுக்கு நிக்காஹ் பேசினால், மாப்பிள்ளை வீட்டார் கேட்கும் ஜமாஅத் கடிதத்தைத் தர ஆளில்லை. கணவன் மனைவி பிணக்குக்குப் பஞ்சாயத்து இல்லை. பொதுக்குழுவில் குரல் இல்லை. மவுத்து வந்தால் மையவாடியில் இடம் உறுதியில்லை.

கடைசியாகச் சொன்னது எங்கள் வீட்டிலேயே நடந்தது. எங்களில் ஒருவரின் தாயார் ஒரு வெள்ளிக்கிழமை ஸுப்ஹுக்கு முன் காலமானார். சந்தூக் கேட்டுப் பள்ளிக்குச் சென்றவரிடம் முதலில் கேட்கப்பட்ட கேள்வி, "நீங்கள் எந்த மஹல்லா?" அதே பள்ளியில் ஒன்பது ஆண்டுகள் முன்வரிசையில் தொழுதவரிடம் கேட்கப்பட்ட கேள்வி அது. பூர்வீக ஊருக்கே மையித்தைக் கொண்டுபோவது நல்லது என்று ஒருவர் கனிவோடுதான் ஆலோசனை கூறினார். அந்தக் கனிவுதான் இன்றும் நெஞ்சில் தைக்கிறது. மையித்தை வீட்டில் குளிப்பாட்டிக்கொண்டிருக்க, வாசலில் நிர்வாகிகள் கைப்பேசியில் கலந்து பேசினர். அஸருக்குப் பின் 'இம்முறை மட்டும்' என்று அனுமதி வந்தது. அடக்கத்திற்கு நாங்கள் கொடுத்த தொகைக்கு ரசீதும் தந்தார்கள். அதில் 'நன்கொடை' என்று எழுதியிருந்தது. மாதந்தோறும் நாங்கள் கொடுக்கும் பணத்திற்கும் அதே சொல்தான். 'சந்தா' என்று எழுதினால் உரிமை வந்துவிடுமல்லவா!

நம் மார்க்கத்தின் ஆண்டுக் கணக்கே ஊர் மாறியவர்களின் பயணத்திலிருந்து தொடங்குகிறது. கி.பி. 622இல் மதீனாவுக்கு வந்த முஹாஜிர்களிடம் எவரும் கடிதம் கேட்கவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்ஸாரிகளில் ஒருவரையும் முஹாஜிர்களில் ஒருவரையும் சேர்த்துச் சகோதரராக்கினார்கள். ஸஅத் பின் ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியை அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களுக்குத் தர முன்வந்தார்கள். அவரோ அதை ஏற்காமல் கடைத்தெருவுக்கு வழி கேட்டு, பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுப் பிழைத்தார். இந்நிகழ்ச்சியை நம் மேடைகளில் 'உழைத்து முன்னேறு' என்பதற்கு உதாரணமாக மட்டுமே சொல்கிறார்கள். பாதிச் செல்வம் அவர் முன்னால் வைக்கப்பட்ட பிறகே அவர் வழி கேட்டார் என்பதும், சில நாட்களுக்குள் அன்ஸாரிக் குடும்பத்துப் பெண்ணையே மணந்தார் என்பதும் அந்த உரைகளில் விடுபட்டுவிடுகின்றன. எங்களுக்கு யாருடைய செல்வத்திலும் பாதி வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒரு வரி போதும்.

மஸ்ஜிதுந் நபவியைப் பெருக்கிவந்த பெண்மணி இரவில் இறந்தபோது, நபிகளாரைத் தொந்தரவு செய்ய வேண்டாமென்று தோழர்கள் தாங்களே அடக்கிவிட்டனர். நாயகம் (ஸல்) அவர்கள் தமக்கு ஏன் சொல்லவில்லை என்று வருந்தி, அவரது கப்ரைக் காட்டச் சொல்லி அங்கே தொழுதார்கள். அப்பெண்மணி எந்தக் குடும்பம், எந்த ஊர் என்று அங்கு யாரும் விசாரித்ததாக நாம் படிக்கவில்லை.

இந்தக் கடற்கரையில் பூர்வீகம் பேசுவது வேடிக்கையும்கூட. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்கோ போலோ கண்ட காயல், ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகளோடு கப்பல்கள் வந்து தங்கிய துறை. இன்றைய காயல்பட்டினத்தில் மணமான ஆண் மனைவியின் வீட்டுக்கே குடிபோகிறார். அங்கே ஆண்கள் எல்லோரும் ஒருவகையில் வந்து சேர்ந்தவர்களே. தூத்துக்குடி 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. அதன் பின் பிழைப்புத் தேடி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று எங்களை 'வெளியூர்க்காரர்' என்கிறார்கள். கடல் தாண்டிப் போன நம்மவர்கள் என்ன செய்தார்கள்? பினாங்கில் 1801இல் கப்பித்தான் கெலிங் பள்ளி, சிங்கப்பூரில் 1826இல் ஜாமிஆ சூலியா பள்ளி, கொழும்புப் புறக்கோட்டையில் 1909இல் நிறைவடைந்த சம்மாங்கோட்டுப் பள்ளி ஆகிய யாவும் வந்தேறிகளாய்ப் போன தமிழ் முஸ்லிம்கள் எழுப்பியவை. பிற நாட்டில் இடம் கேட்டு வாழ்ந்தவர்கள் சொந்த நாட்டில் இடம் தர யோசிப்பது எந்த நியாயம்?

நிர்வாகிகள் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. எங்கோ ஒரு மனைவியை விட்டுவிட்டு இங்கே வந்து மறு நிக்காஹ் செய்து ஓடிப்போனவன் உண்டு. அவனால் பாழான பெண்ணுக்கு ஜமாஅத்தே பதில் சொல்ல வேண்டியிருந்தது. மையவாடியிலும் இடம் சுருங்கிவருகிறது. இவற்றுக்கெல்லாம் விசாரித்து எழுதுவதுதான் மருந்து. எங்கள் பழைய ஊர் ஜமாஅத்துக்கு எழுதிக் கேளுங்கள், ஓராண்டு பாருங்கள், இரண்டு உள்ளூர்க்காரரின் சாட்சியம் பெறுங்கள். எழுதாமலே விட்டுவைத்தால், ஏமாற்ற வந்தவனும் தங்க வந்தவனும் உங்கள் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிவார்கள்.

நாங்களாவது தமிழ் பேசுகிறோம். மீன் பதனிடும் ஆலைகளிலும் கட்டடப் பணிகளிலும் வேலை செய்யும் பீகார், வங்காளப் பிள்ளைகள் ஜும்ஆவில் கடைசி வரிசையில் நின்று, ஸலாம் கொடுத்ததும் வெளியேறிவிடுகிறார்கள். அவர்களில் ஒருவரின் பெயரேனும் தெரிந்த நிர்வாகி எத்தனை பேர்?

2023 டிசம்பர் 17, 18 நாட்களில் இம்மாவட்டம் மூழ்கியபோது (காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை) எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். பள்ளியின் மாடியில் மூன்று இரவுகள் படுத்திருந்தோம். அண்டாவில் வெந்த சோற்றை வாளியில் சுமந்து வந்தவர்கள் முஸ்லிமா இல்லையா என்றுகூடக் கேட்கவில்லை. அந்த மூன்று நாட்களுக்காக இந்த ஊரை என்றும் நேசிப்போம். தண்ணீர் வடிந்ததும் நிவாரணப் பட்டியல் ஜமாஅத் பதிவேட்டைப் பார்த்துத் தயாரிக்கப்பட்டது.

இக்கரையில் முத்துக்குளிப்பு நடந்த நாட்களில், மூழ்குகிறவனின் கயிற்றைப் படகில் அவனுடைய மச்சினன்தான் பிடிப்பான் என்று முதியோர் சொல்வார்கள். உடன்பிறந்தவளை விதவையாக்க அவன் மனம் துணியமாட்டான் என்ற நம்பிக்கை. புது ஊருக்கு வந்தவனுக்கு மச்சினன் ஏது? அந்தக் கயிற்றைப் பிடிக்கத்தானே மஹல்லா.

வருகிற பொதுக்குழுவுக்கு எங்கள் கோரிக்கையை எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஓராண்டு தொடர்ந்து வசிப்பவரைத் தலைக்கட்டாகச் சேர்க்க வேண்டும். ஆண் இல்லாத வீட்டில் விதவையின் பெயரை எழுத வேண்டும். யார் மவுத்தானாலும் அடக்கிய பிறகே கணக்குப் பேச வேண்டும். பொதுக்குழுவில் இதைப் படிக்க எங்களுக்கு உரிமையில்லை என்பதால் உள்ளூர்ச் சகோதரர் ஒருவர் படிக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். ஷவ்வாலில் எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை இவ்வூர், தெருவும் அடுத்த தெரு. ஆயினும் கடிதத்திற்காகப் பூர்வீக ஊருக்கு நாங்கள் பேருந்து ஏற வேண்டும். அங்கே முத்தவல்லி மாறிவிட்டார். அவருக்கு எங்களைத் தெரியாது.