சடங்கு யாருக்குக் காவல்?

தொண்ணூறுகளின் பிற்பகுதி. நான் இளங்கலை படித்துக்கொண்டிருந்தேன். கையெழுத்து பார்க்கும்படி இருக்கும் என்பதால் தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டியிருந்தாலும் என்னிடம் வருவார்கள். அப்படி வந்தவர்களில் ஓர் அக்கா இருந்தார். அவர் கணவர் பக்கத்து ஊர்க் கோயிலில் இன்னொரு பெண்ணைத் திருமணம் செய்துகொண்டிருந்தார். அதன் புகைப்படம் ஒன்றை எப்படியோ தேடிப் பிடித்துக் கொண்டுவந்திருந்தார் அக்கா. மாலை இருந்தது, தாலி இருந்தது, சுற்றிலும் உறவினர்கள் இருந்தார்கள். மனுவை எடுத்துக்கொண்டு வழக்கறிஞரிடம் போனோம். அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அக்கினி வளர்த்தார்களா? ஏழடி எடுத்து வைத்தார்களா? அதற்குச் சாட்சி உண்டா?” என்று கேட்டார். வெளியே வந்ததும் அக்கா என்னிடம் கேட்டார்: “ஊரே பந்தியில உட்கார்ந்து சாப்பிட்டுச்சே தம்பி, அது சாட்சி இல்லையா?”

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. பின்னாளில் ஆசிரியனாகி, ஆண்டுதோறும் தொல்காப்பியக் கற்பியலைப் பாடம் சொல்லும்போதெல்லாம் அக்கேள்வி நினைவுக்கு வருகிறது. கற்பியலின் தொடக்கத்திலுள்ள நான்கு நூற்பாக்களை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் திருமணச் சட்டத்தின் வரலாற்றையே சுருக்கிச் சொன்னது போலிருக்கும். கொடுத்தற்குரியோர் கொடுக்கக் கரணத்தோடு கொள்வது கற்பு என்கிறது முதலாவது. கொடுப்போர் இல்லாமலும், உடன்போக்கு நிகழ்ந்தவிடத்துக் கரணம் உண்டு என்கிறது அடுத்தது. மேலோர்க்கு வகுத்த கரணம் கீழோர்க்கும் ஆன காலமுண்டு என்பது மூன்றாவது. பொய்யும் வழுவும் தோன்றிய பிறகே கரணம் வகுக்கப்பட்டது என்பது நான்காவது. அதை வகுத்த ‘ஐயர்’ அந்தணரா, சான்றோரா என்று நெடுங்காலமாக விவாதித்து வருகிறோம். ஆனால் ஏன் வகுத்தார்கள் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. உறவு கொண்ட ஒருவன் பின்னர் ‘நான் அறியேன்’ என்று சொல்லிவிடாதிருக்கவே சடங்கு. அது ஏமாற்றப்படக்கூடியவருக்குக் காவல்.

அச்சடங்கும் என்றும் ஒரே வடிவில் இருந்ததில்லை. அகநானூற்றின் 86ஆம் பாடலும் 136ஆம் பாடலும் மணவிழாவை விரிவாகக் காட்டுபவை. ஒன்றில் உளுந்து கலந்த சோறு, மற்றொன்றில் இறைச்சியும் நெய்ச்சோறும் என இரண்டுமே விருந்தில்தான் தொடங்குகின்றன. முதற்பாடலில் பந்தலும் மணலும் விளக்கும் இருக்கின்றன. மக்களைப் பெற்ற மகளிர் நால்வர் மணமகளை நீராட்டுகிறார்கள். வேள்வித் தீ இரண்டிலும் இல்லை. சிலப்பதிகாரத்தில் முதுபார்ப்பான் வழிகாட்டக் கோவலனும் கண்ணகியும் தீவலம் வருகிறார்கள். 136ஆம் பாடலில் வரும் உரோகிணி நாள் சிலம்பிலும் அப்படியே இருக்கிறது. தீ மட்டும் இடையில் வந்து சேர்ந்திருக்கிறது. ஆகவே ‘தொன்றுதொட்டு வரும் ஒரே முறை’ என்று எந்தச் சடங்கையும் சட்டம் பற்றிக்கொள்ளும்போது, எந்தத் தொன்மை என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் இவ்விஷயத்தில் அவ்வளவு குறுகியதாக எழுதப்படவில்லை. மணமக்களில் எவரேனும் ஒரு தரப்பின் வழக்காறான சடங்குகளின்படி மணம் நடக்கலாம் என்பதே அதன் ஏழாவது பிரிவு. அச்சடங்குகளில் சப்தபதியும் அடங்கியிருந்தால், ஏழாவது அடியோடு மணம் முழுமையாகும் என்று மட்டுமே அது கூறுகிறது. ஆனால் நீதிமன்றங்களுக்குள் நுழைந்தபோது இந்த ‘இருந்தால்’ மெல்ல மறைந்துபோயிற்று.

1965இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த பாவுராவ் லோகண்டே வழக்கு இதில் ஒரு திருப்பம். மகாராஷ்டிரத்தில் மனைவி உயிருடன் இருக்கும்போதே மறுமணம் செய்துகொண்டவர் மீதான குற்ற வழக்கு அது. அந்த இரண்டாம் திருமணத்தில் அக்கினி முன் வழிபாடும் சப்தபதியும் நடந்ததாக நிறுவப்படவில்லை. அவை தேவையில்லை என்னும் வழக்காறும் நிறுவப்படவில்லை. உரிய சடங்குகளோடு நடவாதது சட்டத்தின் கண்ணில் திருமணமே ஆகாது. திருமணமே ஆகாதபோது இருதார மணம் என்னும் குற்றமும் இல்லை என்று கூறி மன்றம் அவரை விடுவித்தது. தர்க்கத்தில் பிழை காண்பது கடினம். விளைவை நினைத்துப் பாருங்கள். கணவன் ஏழடி வைத்தான் என்று மனைவி நிறுவ வேண்டும். இயலாவிட்டால் ஏழாண்டு வரை சிறை தரத்தக்க குற்றத்திலிருந்து அவன் தப்பிவிடுகிறான். இரண்டாவது பெண்ணுக்கும் இதனால் நன்மையில்லை. ஊரறியத் தாலி கட்டியவனே, அது தாலியே அல்ல என்று மன்றத்தில் வாதிடுகிறான். பொய்க்கு எதிராக எழுந்த கரணம் பொய்யனின் கேடயமாகிவிடுகிறது.

மறுபுறம், உண்மையாகவே ஒருவரையொருவர் ஏற்று வாழ்ந்தவர்களை இதே சடங்குவாதம் தண்டித்தது. 1928இல் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் தொடங்கி, புரோகிதரும் மந்திரமும் இல்லாத சுயமரியாதைத் திருமணங்கள் தமிழ்நாட்டில் பரவின. 1953இல் தெய்வானை ஆச்சி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அவை இந்துச் சட்டப்படி செல்லாது என்றது. சாத்திரச் சடங்கு இல்லை. வழக்காறு எனலாமென்றால் வழக்காறு பழமையானதாக இருக்க வேண்டும். ஒரு சமூகம் தானாகவே புதிய வழக்காறு ஒன்றைச் சட்டமாக்கிக்கொள்ள முடியாது. இவையே அதன் காரணங்கள். சீக்கியர்கள் இதையொத்த ஐயத்தை முன்னரே சந்தித்தவர்கள். குரு கிரந்த சாகிபை வலம்வந்து செய்யும் தங்கள் ஆனந்த் மணமுறைக்கு 1909இலேயே தனிச் சட்டம் பெற்றார்கள். கடவுளைச் சாட்சிக்கு அழைக்காத தமிழர்கள் மேலும் அறுபதாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967இல் சட்டமன்றத்தில் நிறைவேறி, 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது 7அ என்னும் பிரிவு. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், தமக்குப் புரியும் மொழியில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாக அறிவிக்கலாம். அல்லது மாலையோ மோதிரமோ மாற்றிக்கொள்ளலாம். அல்லது தாலி கட்டலாம். மூன்றில் ஒன்று போதும். முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் இதனால் செல்லுபடியாயின. இதை நாத்திகருக்கான சலுகை என்று சுருக்கிப் பேசுவது வழக்கம். நான் அப்படிக் கருதவில்லை. சாட்சியம் சொல்லும் பொறுப்பைத் தீயிடமிருந்து மனிதரிடம் மாற்றியதே அதன் சாரம். இசுலாமியரின் நிக்காஹ் மார்க்கத்தின் வழி நடப்பதே. அதிலும் ஒருவர் முன்மொழிய மற்றவர் ஏற்பதும், அதைச் சாட்சிகள் கேட்டிருப்பதும்தானே நடுநாயகம்?

இப்பிரிவின் பயன் 2001இல் எதிர்பாராத திசையில் வெளிப்பட்டது. நாகலிங்கம் எதிர் சிவகாமி என்னும் வழக்கில், திருத்தணிக் கோயில் திருமண மண்டபத்தில் கணவர் மறுமணம் செய்துகொண்டார் என்பது முதல் மனைவியின் புகார். மாலை மாற்றியதும் தாலி கட்டியதும் சாட்சியத்தில் வந்தன. சப்தபதி நடக்கவில்லை என்றும் வந்தது. விசாரணை மன்றம் விடுதலை செய்தது. உச்ச நீதிமன்றமோ, 7அ பிரிவின்படி இது செல்லத்தக்க திருமணமே, ஆகவே குற்றமே என்றது. பகுத்தறிவாளர்கள் கொண்டுவந்த சட்டம், கோயிலில் நடந்த ஒரு திருமணத்தில், ஏமாற்றப்பட்ட மனைவிக்குத் துணைநின்றது. எங்கள் தெரு அக்காவுக்கு அத்தீர்ப்பு சில ஆண்டுகள் தாமதமாக வந்தது. அவர் அதற்குள் வழக்கைக் கைவிட்டிருந்தார்.

கொடுப்போர் இன்றியும் கரணம் உண்டு என்ற இரண்டாம் நூற்பாவுக்கும் நம் காலத்தில் ஒரு வழக்கு வாய்த்தது. வழக்கறிஞர் அறைகளில் இரகசியமாக நடக்கும் திருமணங்கள் செல்லாது என்று 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. 2023 ஆகஸ்டில் இளவரசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. குடும்பத்தின் எதிர்ப்புக்கும் அச்சுறுத்தலுக்கும் இடையில் மணப்பவர்களிடம் ஊரைக் கூட்டச் சொல்வது அவர்களை ஆபத்தில் தள்ளும் என்பது அதன் கருத்து. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் முப்பது நாள் முன்னறிவிப்பைக் கேட்கிறது. சாதி மீறி மணப்பவர்களுக்கு அந்த முப்பது நாள் என்னவாகும் என்பதை நம் மாவட்டச் செய்திகளைப் படிப்பவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் எட்டே மாதம் கழித்து, 2024 ஏப்ரலில், டோலி ராணி வழக்கில் அதே நீதிமன்றத்தின் மற்றோர் அமர்வு வேறு தொனியில் பேசியது. இந்துத் திருமணம் புனிதமானது. உரிய சடங்குகள் இன்றிப் பெறும் சான்றிதழும் பதிவும் திருமணமாகா என்றது. அவ்வழக்கில் இருவரும் சடங்கைப் பிறகு நடத்திக்கொள்ளலாமென்று சான்றிதழ் மட்டும் பெற்றவர்கள். நடவாத திருமணத்தை நடந்ததாகக் காட்டும் காகிதமும் ஒரு பொய்தான். அந்த அளவில் தீர்ப்போடு எனக்குப் பிணக்கில்லை. என் கவலை வேறு. சடங்கின் புனிதம் பற்றிய அச்சொற்களை, நாளை இருதார மண வழக்கில் ஒரு கணவன் எடுத்து வாதிடுவான். 7அ இல்லாத மாநிலங்களில் அந்த வாதம் இன்னும் வலுவாக நிற்கும்.

சடங்கை ஒழிக்க வேண்டுமென்பது என் வாதமல்ல. என் திருமணமே தீவலம் வந்து நடந்ததுதான். அன்று என் தாயாரின் கண்களில் கண்ட நிறைவை நான் எள்ளமாட்டேன். நம்பிக்கை திருமணத்துக்கு ஆழம் தரலாம். ஆனால் ஆழம் வேறு, சான்று வேறு. இருவர் மனமொப்பி ஏற்றார்களா, அதை யாரேனும் கண்டார்களா என்பதே சட்டம் கேட்கத்தக்க கேள்வி. எத்தனை அடி வைத்தார்கள் என்பது அவர்களுக்கும் அவர்கள் தெய்வத்துக்கும் இடையிலானது. 7அ பிரிவை நாடு முழுமைக்கும் உரியதாக்க வேண்டும். அதற்கு முன்பாக இன்னொன்றும் வேண்டும்: பலர் முன்னிலையில் மணந்தவன், தன் திருமணத்தில் தானே வைத்த குறையைக் காட்டித் தப்ப இயலாதபடி சட்டம் திருத்தப்பட வேண்டும்.

அகநானூறு அதன் மணப்பாடல்களைப் பந்தியிலிருந்து தொடங்கியதை இப்போதெல்லாம் வகுப்பில் சற்று நிறுத்திச் சொல்கிறேன். உண்டவர்கள் கண்டவர்கள். அக்காவின் கேள்விக்கு இவ்வளவு காலம் கழித்து நான் கண்டெடுத்த பதில் இதுதான்: ஆம் அக்கா, அதுவும் சாட்சிதான்.