பதினைந்து விநாடியும் ஏரி வாரியமும்

உத்திரமேரூர் பக்கமெல்லாம் பூகம்பம் வராதுங்கிறது நம்ம ஜனங்களோட அசைக்க முடியாத நம்பிக்கை :-)

2001 செப்டம்பர் 25 ராத்திரி, புதுச்சேரிக்குக் கிழக்கே கடலுக்கடியில் ரிக்டர் 5.5 அளவுக்கு நிலம் ஆடியபோது, சென்னையிலேயே மக்கள் வீட்டை விட்டு வெளியே ஓடி வந்தாங்க. அந்த இடம் நம்ம ஊரிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர்தான்.

பூகம்பம் என்னைக்கு வரும்னு யாராலும் சொல்ல முடியாது. ஆனா கிளம்பினதும் முந்திக்கலாம். முதலில் வர்ற பி-அலை விநாடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர் ஓடும். சுவரை ஆட்டுற எஸ்-அலை மூணரைதான். கடலோரக் கருவி பி-அலையைப் பிடிச்சுத் தகவல் அனுப்பற நேரம் போக, நமக்குப் பத்து, பதினைந்து விநாடி மிஞ்சும். பிள்ளைங்க மேசைக்கடியில் புக இது போதும். உத்தராகண்டில் 2021-லேயே இதற்குச் செயலி வந்தாச்சு.

கருவி மட்டும் போதுமா? 2004-ல் சுமத்ரா அதிர்ந்து, அலை நம்ம கரைக்கு வர ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. அதிர்வு கருவிகளில் பதிவாச்சு. குப்பத்துக்குச் சொல்லத்தான் வழியில்லை.

அதனால கடலோரத்தில் கருவி வைக்கும்போதே பள்ளிக்கூடத்துக்கு ஒரு சைரன், வருஷத்துக்கு ரெண்டு ஒத்திகை, பேட்டரியைப் பார்த்துக்க ஒரு ஆள், மூணுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கணும்.

ஏரியை வெட்டினா போதாது, பார்த்துக்க ஆள் வேணும்னு குடவோலையில் வருஷா வருஷம் ஏரி வாரியம் அமைச்ச ஊர் இது. நமக்கா சொல்லித் தரணும்?